தபாலில் படித்த அக்காவும் பந்துக் கணக்கும்

தொண்ணூறுகளின் நடுவில், அன்னூரிலிருந்து தினமும் பஸ் ஏறி, கோவையில் ஒரு மகளிர் கல்லூரிக்குப் போய் பி.ஏ. பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தேன். படித்தேன் என்பதை விட, வருகைப் பதிவுக்காக வகுப்பில் உட்கார்ந்திருந்தேன் என்பதுதான் சரி. ஆனாலும் அஞ்சல் வழியில் படிப்பவர்கள் என்றால் எங்கள் கூட்டத்துக்கு ஒரே இளக்காரம். 'தபால் பட்டம்' என்று சொல்லிச் சிரிப்போம்.

ஒரு திங்கட்கிழமை காலை, பஸ்ஸில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார். கோவில்பாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலையாம். மடியில் தபாலில் வந்த பாடப் புத்தகம். ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"ஏனுங்க அம்மணி, நீங்களும் எகனாமிக்ஸுங்களா? எனக்கு வர்ற ஞாயித்துக்கெழமை புள்ளியியல் பரிச்சைங்க. போன தடவை மூணு மார்க்குல போயிருச்சு. இந்தத் தடவை பாஸானாத்தான் மெஷினை விட்டு ஆபீஸ் வேலைக்கு மாத்துவாங்களாம்."

சொல்லிவிட்டு ஒரு கணக்கைக் காட்டினார். பையில் ஐந்து சிவப்புப் பந்து, மூன்று கறுப்புப் பந்து. ஒன்றை எடுத்து, அதைத் திரும்பப் போடாமல் இன்னொன்றையும் எடுத்தால், இரண்டும் சிவப்பாக இருக்க வாய்ப்பு எவ்வளவு?

"எடுத்ததைத் திரும்பப் போடலீன்னா, பைக்குள்ள ஒண்ணு கொறஞ்சு போயிருமில்லீங்களா?"

எனக்குச் சுத்தமாகத் தெரியாது. ஆனால் ஒரு தபால் மாணவியிடம் போய் அதை ஒப்புக்கொள்வதா?

"அதெல்லாம் பாக்க வேண்டாங்க்கா. ரெண்டு தடவையும் எட்டுல அஞ்சுதான். பெருக்குங்க, முடிஞ்சுது," என்று அடித்துவிட்டேன். அவர் நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் பேராசிரியை அதே மாதிரிக் கணக்கைப் போட்டார். பந்து குறையத்தான் செய்தது. இரண்டாவது தடவை ஏழில் நான்கு! ஞாயிறு அவருக்குப் பரீட்சை. அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைத்திருக்கவில்லை.

மறுநாள் கல்லூரி கிடையாது. ஆனாலும் அதே பஸ்ஸைப் பிடித்தேன். நல்ல வேளை, அக்கா இருந்தார்.

"அக்கா, அன்னைக்கு நான் சொன்னது தப்புங்க. எனக்கு அந்தக் கணக்கே தெரியாதுங்க."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நோட்டைத் திறந்து காட்டினார். முதலில் அவரே சரியாகத்தான் போட்டிருந்தார். அதன் மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. கீழே என் விடை.

"காலேஜுல படிக்கறவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு, நான் போட்டதை அடிச்சுப்போட்டேனுங்க," என்றார்.

ஓடும் பஸ்ஸிலேயே என் விடையை அடித்துவிட்டுத் தன் விடையை மறுபடி எழுதிக்கொண்டார். கோவில்பாளையம் வந்ததும் இறங்கிப் போனார். அதற்குப் பிறகு என் பஸ் நேரம் மாறிவிட்டது. அவர் தேறினாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால், தெரியாது என்ற ஒரு வார்த்தையை அந்தத் திங்கட்கிழமையே சொல்லியிருந்தால் அவர் தன் மூளையை நம்பியிருப்பாரே என்ற வெட்கம், இத்தனை வருடங்கள் கழித்தும் என்னை விடவில்லை.