பாலத்தின் கால்களில் இருந்த துளைகள்

சிங்கப்பூரில் புக்கிட் பாஞ்சாங் பக்கம் அந்த இன்ஜினியர் வீட்டுக்கு ஏழு ஞாயிற்றுக்கிழமை போனேன். ஓய்வு பெற்றவர். அவருடைய கொள்ளுத்தாத்தா, வெள்ளைக்காரன் பர்மாவைப் பிடிக்கப் போனபோது மதராஸிலிருந்து போன பொறியாளர் படையில் சிப்பாய். துருப்பு நடக்க ரோடு போடுவதும் பீரங்கி கடக்கப் பாலம் கட்டுவதும்தான் அந்தப் படையின் வேலை. தங்கள் குடும்பத்தின் இன்ஜினியர் தொழில் அங்கேதான் தொடங்கியது என்று இவருக்குப் பெருமை. மாதா கோயில் மண்டபத்தில் சொந்தங்களைக் கூட்டி, கொள்ளுத்தாத்தாவைப் பற்றி ஒரு சிறு புத்தகம் கொடுக்க ஆசைப்பட்டார். ஊரிலிருந்து வருகிறவர்களுக்காகத் தமிழில். அவருக்குத் தமிழ் பேச மட்டும்தான் வரும்.

நான் எட்டாவதோடு நின்றவன். துபாய், மலேசியாவில் ஜொகூர், சிங்கப்பூர் என்று அலைந்து, கான்கிரீட் தளத்துக்கு சென்ட்ரிங் பலகை அடித்தவன். தேக்கா மார்க்கெட் சாப்பாட்டுக் கடையில் நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் கூப்பிட்டார். அந்தப் படையின் அதிகாரி ஒருவர் எழுதிய குறிப்பேட்டின் நகலை அவர் மகன் லண்டனிலிருந்து அனுப்பியிருந்தான். இவர் இங்கிலீஷில் வாசித்துச் சொல்வார், நான் தமிழில் எழுதுவேன். அதிலிருந்த படங்களைப் பார்க்க எனக்கு யார் உதவியும் தேவைப்படவில்லை.

ஒரு பாலத்தின் படம் இருந்தது. சாயங்காலம் ஆற்றங்கரைக்கு வந்தார்களாம். மறுநாள் மத்தியானம் பீரங்கி அக்கரையில். மரம் பக்கத்திலேயே கிடைத்தது என்று அதிகாரி எழுதியிருந்தார்.

"சார், இது காட்டுல வெட்டின மரம் இல்ல."

"எப்படிச் சொல்றே?"

"ஒரு ராத்திரியில யாரு இத்தன தேக்க வெட்டி இழைப்பா? பாலத்தோட காலைப் பாருங்க, நட்ட நடுவுல சதுரத் துளை. பாலத்துக்கு அந்த எடத்துல துளை எதுக்கு? வீட்டுத் தூணு சார், தரையை உயரத் தூக்கிக் கட்டுற வீடு. தரையைத் தாங்குற உத்தரம் நுழையுற துளை அது. ஓரத்துல கைப்பிடியா கட்டியிருக்கிறது வீட்டுக்கு ஏறுற ஏணி."

பூதக்கண்ணாடியை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். முப்பது வருஷம் மேம்பாலம் கட்டியவர், அவருக்கா புரியாது?

"நல்ல மரம் லா," என்றார், சிங்கப்பூர் இழுவையில்.

அன்றைக்கே எழுதினேன்: இந்தப் பாலம் ஊர்க்காரர்களின் வீடுகளைப் பிரித்துக் கட்டப்பட்டது. புத்தகம் முழுக்க அவர் சொன்னது. அந்த ஒரு வரி மட்டும் நான் கண்டுபிடித்தது.

அடுத்த வாரம் வாசித்துக் காட்டச் சொன்னார். அந்த இடத்தில் கையை உயர்த்தினார்.

"அந்த லைன் வேணாம் தம்பி."

"உண்மைதானே சார்?"

"யாரு இல்லன்னாங்க? இது ஃபங்ஷன், போலீஸ் கேஸ் இல்ல. அவங்களுக்கு ஆர்டர் வந்துச்சு, செஞ்சாங்க. நீ ஜொகூர்ல செய்யலயா? நீதான சொன்னே!"

சொன்னேன்தான். எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் இருந்த குடிசைகளைப் பிரித்துவரச் சொன்னார்கள் கம்பெனியில், பிரித்தோம். சட்டிபானையோடு ஆட்கள் மழையில் நின்றார்கள். அந்தப் பலகைகளைத்தான் தளத்துக்கு அடித்தேன். ஒன்றில் காலண்டர் மாட்டிய ஆணி அப்படியே இருந்தது. அதை அவரிடம் டீ குடித்துக்கொண்டே வேடிக்கையாகச் சொல்லியிருந்தேன்.

என் பேனாவாலேயே அந்த வரியை அடித்தேன். அவர் பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார். தட்டைத் தள்ளிய அந்தக் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. பிஸ்கட்டை எடுத்துத் தின்றேன்.

விழாவன்று சிராங்கூன் பக்கத்து மாதா கோயில் மண்டபத்தில் நுழைந்ததும் திகைத்துப்போனேன். மேடைக்குப் பின்னால் அதே படம், சுவர் உயரத்துக்கு. புத்தகத்திலிருந்து என் வரிதான் போயிருந்தது. துளைகள் ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வாயைத் திறந்துகொண்டு நின்றன. அவற்றுக்கு முன்னால் பட்டுப்புடவைகள் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டன.

திருச்சியிலிருந்து வந்திருந்த அவருடைய சித்தி கிட்டே போய்ப் பார்த்தார். "என்னப்பா, மரத்துல இம்மாம் பெரிய ஓட்டை?"

"காத்துக்கு, சித்தி. புயல் அடிச்சா பாலம் சாயாது." கண் இமைக்காமல் சொன்னார்.

"அந்தக் காலத்துலயே நம்மாளு மூளையப் பாரேன்!"

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

"காத்துக்கு இல்லம்மா," என்றேன். "வீட்டுத் தூணு. ஊர்க்காரங்க வீட்டைப் பிரிச்சுத்தான் பாலம் கட்டினாங்க."

இன்ஜினியர் என்னைப் பார்த்த பார்வையிலேயே இனி அவர் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை என்று தெரிந்தது. அந்தம்மா படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப அந்த வீட்டுக்காரங்க எங்க போனாங்க?"

"சாப்பாடு ரெடி சித்தி, வாங்க வாங்க," என்று இன்ஜினியர் அந்தம்மா தோளைப் பிடித்து நகர்த்திக்கொண்டு போனார்.

போகும்போதும் அந்தம்மா திரும்பி என்னையே பார்த்தார், பதிலை எதிர்பார்த்து. குறிப்பேட்டில் அது இல்லை. ஜொகூரில் மழையில் நின்றவர்கள் எங்கே போனார்கள் என்று நானும் கேட்டதில்லை. "தெரியாதும்மா," என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் வெளியே வந்தேன்.