கொண்டிக்காக ஏறிய மலை

கமலாசனி கையூசியால் நெருக்கமாகத் தைத்துக்கொண்டிருந்தாள். மகளின் நீல ரீசேட்டின் அடிமடிப்பில், உட்புறமாக, உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைத் துணி. தோய்த்தாலும் போகாத பேனாவால் அதில் அவளே எழுதியிருந்தாள்: "என் பெயர் கஜேந்தினி. எனக்கு வலிப்பு வருவதுண்டு. பக்கவாட்டில் படுக்க வையுங்கள். பிடித்து அமுக்காதீர்கள். கையில் இரும்பு தராதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் ஆஸ்பத்திரி." கீழே தொலைபேசி இலக்கம்.

மகளின் உடுப்புகள் எல்லாவற்றிலும் இப்படி ஒரு துணி இருந்தது. இது பதினோராவது.

"மலையிலை ஆரம்மா என்ரை சேட்டைத் தூக்கி வாசிக்கப் போகினம்?" என்றாள் கஜேந்தினி. அவளுக்குப் பதினைந்து வயது. வாய் இருபத்தைந்து.

"வாசிக்கத் தெரிஞ்ச ஒரு ஆள் நிண்டாக் காணும்."

வன்னியில் உடையார்கட்டு என்ற ஊரில் அவர்களுடையது வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. கணவன் ராசு வயல் செய்பவன். கமலாசனி முன்பு ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள், வரிசை மேற்பார்வைக்கு உயர்த்தப்படும் நேரத்தில் அதை விட்டவள். காரணம் மகள்தான். ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் முதல் வலிப்பு வந்தது. இரண்டாவது வலிப்பு வந்தது வீட்டுக்குப் பின்னாலிருக்கும் குளியலறையில், உள்ளே கதவுக் கொண்டி போட்டிருந்தபோது. ராசு தோளால் இடித்துக் கொண்டியைக் கழற்றினான். அப்போதும் கதவு திறக்கவில்லை. கதவு உள்பக்கம் திறக்கிற கதவு. பிள்ளை அதோடு சாய்ந்து விழுந்து கிடந்தாள். நாலு நிமிடம் போனது. தலையில் நாலு தையல்.

அன்றைக்கே கமலாசனி கொண்டியை எடுத்துத் தையல் மெசினின் இழுப்பறையில் போட்டாள். மெசினைப் பின் விறாந்தைக்கு இழுத்து, குளியலறைக் கதவுக்கு மூன்று எட்டு தள்ளி வைத்தாள். அதிலிருந்துதான் இப்போது ஊர்ப் பிள்ளைகளின் பள்ளிச் சீருடைகளைத் தைக்கிறாள். மகள் குளிக்கும்போது இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை "கஜி!" என்று கூப்பிடுவாள். உள்ளேயிருந்து "ஓம்!" என்று குரல் வரவேண்டும். வராவிட்டால் கதவு திறக்கும். சவர்க்கார நுரை கண்ணில் இருந்தாலும் சரி, வாயில் பற்பசை இருந்தாலும் சரி.

கடைசி வலிப்பு வந்து இரண்டேகால் வருடம் ஆகிவிட்டது. கிளினிக்கில் டொக்டர், "பிள்ளை ஓடலாம், விளையாடலாம். மருந்து தவறக்கூடாது, நித்திரை குழம்பக்கூடாது, தனியா நீந்தக்கூடாது" என்று சொல்லியிருந்தார். கமலாசனி முதல் வசனத்தை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தாள்.

இந்த நிலையில்தான் ராசுவின் பெரியம்மா மகள் அழகம்மா மஸ்கெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து போன் எடுத்தாள். ராசுவைக் கைப்பிள்ளையாகத் தூக்கிக்கொண்டு தாய் தகப்பன் வன்னிக்கு வந்தது அந்தத் தோட்டத்திலிருந்துதான். சித்திரை விடுமுறைக்கு எல்லோரும் வரவேண்டும், தோட்டத்தில் குடும்ப மலையோட்டம் வைக்கிறார்கள், மூன்று பேர் ஒரு குடும்பம், கடைசி ஆள் கோயிலடிக்குப் போய்ச் சேருகிற நேரம்தான் கணக்கு, பெயர் ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

"முதல் பரிசு மூண்டு கம்பளியாம்," என்றான் ராசு.

"இந்த வெக்கைக்குக் கம்பளி ஒண்டுதான் எங்களுக்குக் குறை," என்றாள் கமலாசனி. ஆனாலும் மகளின் முகத்தைப் பார்த்தபின் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

இப்போது அந்த மகள் ஊசியையே பார்த்துக்கொண்டு கேட்டாள். "நான் மேலை ஓடி முடிச்சா என்ன தருவியள்?"

"என்ன வேணும்?"

"குளிக்கிற அறைக்குக் கொண்டி."

ஊசி நின்றது. முற்றத்தில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்த ராசுவும் நிமிர்ந்தான்.

"வலிப்பு வராமல், விழாமல் மேலை போய்ச் சேர்ந்தா, பாப்பம்."

"'பாப்பம்' வேண்டாம். போன வருசம் சைக்கிளுக்கும் 'பாப்பம்' எண்டனீங்கள்."

ராசு சிரித்தான். கமலாசனி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "சரி. போடுறன்."

இரவுப் பயணம் நித்திரையைக் குழப்பும் என்பதால் பகலிலேயே வான் பிடித்துப் போனார்கள். காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் கைத்தொலைபேசியில் அலாரம் அடிக்க, மாத்திரை நேரத்துக்கு உள்ளே போனது. போய்ச் சேர்ந்ததும் அழகம்மா கஜேந்தினியைக் கட்டிப்பிடித்து, "புள்ள எப்புடி வளந்துருச்சு! கமலா, நீதான் காத்துல பறக்கிற மாதிரி இருக்க, சாப்புடுறியா இல்லையா?" என்றாள். அங்கே இரண்டு இரவு தங்கினார்கள். கமலாசனி இரண்டு இரவும் மகளை ஒன்பது மணிக்குப் படுக்க வைத்தாள். குளிர் தாங்காமல் தானும் கூடவே சுருண்டுகொண்டாள்.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு ஓட்டம். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தடியில் பதினொரு குடும்பங்கள் நின்றன. அங்கிருந்து தேயிலைக்கு நடுவே ஏறிப் போகும் பாதையின் உச்சியில் கோயில். கீழேயிருந்து பார்த்தால் கோயிற்கொடி விரல் நகத்தளவு தெரிந்தது. கமலாசனி பிறந்ததிலிருந்து ஏறியதில் உயரமானது குளக்கட்டுத்தான்.

"இஞ்சருங்கோ, நீங்கள் பிள்ளையோடையே போகவேணும். விடக்கூடாது," என்றாள் ராசுவிடம். தான் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

விசில் அடித்ததும் ராசு வயலுக்குள் பன்றி கலைப்பவனைப் போலப் பாய்ந்தான். தோட்டத்து ஆட்கள் அவசரப்படாமல் குனிந்து, சின்ன எட்டாக வைத்து ஏறினார்கள். முதல் வளைவுவரை ராசுதான் முன்னால். இரண்டாவது வளைவில் அவன் வாய்க்கால் கட்டின்மேல் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருப்பதை அவர்கள் கண்டார்கள்.

"நீங்கள் போங்கோ. நான் இந்தா பின்னாலை வாறன்."

"நல்ல காவல்," என்றாள் கமலாசனி.

தாயும் மகளும் ஏறினார்கள். பாதை ஒடுங்கிப் படியாக மாறியது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடக்க இடமில்லை. கமலாசனிக்கு மூச்சு நெஞ்சுக்குள் இறங்க மறுத்தது. ஒரு படியில் கால் வழுக்க, விழாமலிருக்கத் தேயிலைச் செடியைப் பிடிக்க வேண்டியிருந்தது. மற்றக் கையில் குடையும் மருந்துப் பையும். மணிக்கட்டை விட்டாள்.

"போகட்டே அம்மா?"

பதில் சொல்ல மூச்சில்லை. கையை மட்டும் அசைத்தாள். போ என்றும் எடுக்கலாம், நில் என்றும் எடுக்கலாம். கஜேந்தினி தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு ஓடினாள். நீலச் சேட்டு வளைவில் ஒருமுறை தெரிந்து மறைந்தது.

சரியாக ஐந்து நிமிடம் கழித்து மேலேயிருந்து சத்தம் வந்தது. "புள்ள விழுந்துருச்சு! அந்த வன்னிப் புள்ள!"

கமலாசனி குடையைப் போட்டாள். பாதையை விட்டு, தேயிலை நிரைகளுக்கு நடுவே நேரே மேலே ஏறினாள். சீலை முள்ளில் கிழிந்தது, ஒரு செருப்பு போனது. ஐந்து நிமிடத்துக்கு முன் மூச்சில்லாமல் நின்றவள் இவள்தான் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

மேலே ஏழெட்டுப் பேர் வட்டமாக நின்றார்கள். நடுவில் கஜேந்தினி தரையில் கிடந்து இரண்டு காலையும் உதறிக்கொண்டிருந்தாள். விழுந்ததில் சேட்டின் அடி சுருண்டு, வெள்ளைத் துணி வெளியே தெரிந்தது. கண்ணாடி போட்ட ஒரு பெண் முழங்காலிட்டு அதைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். சுற்றி நின்றவர்கள் வாசிக்க வாசிக்கச் செய்தார்கள்.

"பக்கவாட்டில் படுக்க வையுங்கள்... ஆங், திருப்புங்க, இந்தப் பக்கம். பிடித்து அமுக்காதீர்கள். அண்ணே, கைய எடுங்க! கையில் இரும்பு தராதீர்கள்."

இரும்புச் சாவிகள் கோர்த்த திறப்புக் கோர்வையை நீட்டிக்கொண்டு நின்ற மனிதர் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கமலாசனி ஆட்களை விலக்கிக்கொண்டு புகுந்தாள். முதல் வேலையாக மணிக்கூட்டைப் பார்த்தாள். ஏழு நாற்பத்தொன்று. எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. அது அவளுக்குக் கண்ணை இமைப்பது போல வரும்.

"அம்மா, மணியைப் பாக்காதேங்கோ!" என்று தரையிலிருந்து குரல் வந்தது. "அட்டையைப் பாருங்கோ!"

கமலாசனி குனிந்தாள். மகளின் கண் தெளிவாக, கோபமாக இருந்தது. காலுறைக்கு மேலே மூன்று அட்டைகள், கறுத்துக் கொழுத்து, ஒன்று காலுறைக்குள் பாதி நுழைந்தபடி.

"நான் அப்பேந்தே சொல்லுறன், அட்டை அட்டை எண்டு. ஆரும் கேக்கினமில்லை. படு படு எண்டு திருப்பித் திருப்பி விடுகினம்!"

"கத்துறதும் வலிப்புலதான்னு நெனச்சோம்மா," என்றாள் கண்ணாடிக்காரி, முகம் சிவக்க.

"அட்டை குளத்திலையெல்லோ இருக்கும். புல்லுக்கையும் இருக்குமோ?" என்று கமலாசனி கேட்டாள். கேட்டபடியே மகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பிறகு சிரித்தாள். வட்டமும் சிரித்தது. திறப்புக்காரர்தான் எல்லோரையும் விடக் கூடச் சிரித்தார்.

அழகம்மா மலைத் தண்ணீர் விழும் பீலியடியிலிருந்து ஈரச் சவர்க்காரத்தோடு ஓடிவந்தாள். "இழுக்காத புள்ள, பல்லு உள்ள நின்னுரும். தடவு, அதா கழண்டுக்கும்." அட்டைகள் ஒவ்வொன்றாக உருண்டு விழுந்தன. இரத்தம் நிற்காமல் வழிந்தது. கமலாசனி கைலேஞ்சியை மடித்துக் கடிவாயில் அழுத்திப் பிடித்தாள். அதில் பயப்பட ஒன்றுமில்லை, அட்டைக்கடி அப்படித்தான் கொஞ்ச நேரம் கசியும்.

அழுத்திப் பிடித்திருந்தபோது அவள் அந்தக் கண்ணாடிக்காரியைப் பார்த்தாள். முன்பின் தெரியாத ஆள். ஒரு வரி விடாமல் வாசித்திருக்கிறாள். அமுக்க வந்த கையை எடுக்க வைத்திருக்கிறாள். இரும்பைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். தான் நின்றிருந்தாலும் இதற்குமேல் ஒன்றும் செய்திருக்க முடியாது.

"பெரிய உபகாரம், தங்கச்சி," என்றாள்.

"அட்டைக்கா அக்கா?"

"இல்லை. வாசிச்சதுக்கு."

பின்னால் ராசு நொண்டி நொண்டி வந்து சேர்ந்தான். விசயத்தைக் கேட்டதும் முதலில் தலையில் கைவைத்தான், பிறகு மகளைப் பார்த்துக் கண்ணடித்தான். "விழாமல் எண்டெல்லோ கதை? விழுந்திட்டாய். கொண்டி போச்சு."

"அட்டைக்கு விழுந்தது கணக்கில்லை! அம்மா, சொல்லுங்கோ!"

"கணக்கில்லை," என்றாள் கமலாசனி. "ஆனா இன்னும் முடிக்கேல்லை. எழும்பு."

மிச்சத் தூரத்தைக் கஜேந்தினி தகப்பனின் முதுகில் கைவைத்துத் தள்ளியபடியே ஏறினாள். கமலாசனி ஒற்றைச் செருப்போடு முன்னால் போனாள். கோயில் வாசலில் கடைசிக் காலை வைத்தது ராசுதான். பத்தாவது இடம். பதினோராவது குடும்பம் பாதி வழியில் பலாப்பழம் வெட்டிய வீட்டில் நின்றுவிட்டதாகக் கேள்வி.

பத்து மணிக்கு வான் புறப்பட்டது. கண்டி தாண்டுவதற்குள் கமலாசனி மகளின் தோளில் சாய்ந்து உறங்கிப்போனாள். மகளுக்கு முதல் வலிப்பு வந்த நாளிலிருந்து அவள் பகலில் கண்ணயர்ந்ததில்லை. திடுக்கிட்டு விழித்தபோது வெளியே வவுனியாக் கடைகளின் வெளிச்சம். மணி ஆறு முப்பத்தைந்து. கை மருந்துப் பைக்குப் பறந்தது.

"குடிச்சிட்டன்," என்றாள் கஜேந்தினி. "அலாம் எனக்கும் கேக்கும்தானே."

பைக்குள் மாத்திரைத் தகட்டில் ஆறு மணிக்கான குழி வெறுமையாக இருந்தது. கமலாசனி அதை இரண்டு தரம் பார்த்துவிட்டுப் பையை மூடினாள்.

அடுத்த நாள் காலை, தேத்தண்ணி குடித்த கையோடு அவள் மெசின் இழுப்பறையிலிருந்து கொண்டியை எடுத்தாள். ராசு திருகாணிகளோடு வந்தான்.

"முதல்லை கதவைக் கழட்டுங்கோ. பிணைச்சலை மாத்திப் போட்டு வெளிப்பக்கம் திறக்கச் செய்யவேணும்."

"உது அரை நாள் வேலை."

"செய்யுங்கோ."

செய்தான். வெயில் ஏறுவதற்குள் கதவு வெளிப்பக்கம் திறந்தது. பிறகு கொண்டிக்கு நீளத் திருகாணியை எடுத்தான். அவள் அதை வாங்கி வைத்துவிட்டு, விரல் நகத்தளவே நீளமுள்ள இரண்டைக் கொடுத்தாள்.

"உது நிக்காது கமலா."

"பிள்ளை போடுறதுக்கு நிண்டாக் காணும். உள்ளுக்குப் போய்க் கொண்டியைப் போடுங்கோ."

ராசு உள்ளே போய்ப் போட்டான். கமலாசனி பிடியில் இரண்டு கையையும் வைத்து ஒரே இழுவை இழுத்தாள். கொண்டி திருகாணியோடு பிய்ந்து வந்தது. உள்ளே ராசு வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"சரி, நல்லது," என்றாள். "இப்ப ஒரு விரல் கீழை புதுத் துளை போட்டு அப்பிடியே பூட்டுங்கோ."

பூட்டினான். கஜேந்தினி துவாயும் மாற்றுடுப்புமாக வந்தாள். மாற்றுடுப்பின் அடிமடிப்பில் வெள்ளைத் துணி இருந்தது. அது இருக்க வேண்டியதுதான். கதவு மூடியது. கொண்டி விழும் சத்தம் கேட்டது. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

கமலாசனி மெசினடியில் உட்கார்ந்து ஒரு சீருடையின் கையை ஊசிக்குக் கீழே வைத்தாள். மணிக்கூட்டைப் பார்த்தாள். இரண்டு நிமிடம். வாய் திறந்தது. மூடிக்கொண்டாள்.

"ஓம்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது, யாரும் கூப்பிடாமலே.

கமலாசனி மிதியை மிதித்தாள். மத்தியானத்துக்குள் இரண்டு சீருடை தைத்து முடித்தாள்.