காசியில் விட்ட தயிர்

என் மாமியாருக்குத் தயிர் என்றால் உயிர். பழைய சோற்றில் கட்டித் தயிரை விட்டுப் பிசைந்து, புறங்கை வழிய நக்குவார். அப்படிப்பட்டவர் யாத்திரைக் கோஷ்டியோடு காசிக்குப் போய், பால், தயிர், மோர் மூன்றையும் விட்டுவிட்டு வந்து நின்றார். காசிக்குப் போனால் பிடித்ததை விட வேண்டும் என்பது வழக்கம்தான். அதற்காக இதையா? பாகற்காயை விட்டவர்கள் எல்லாம் எங்கள் தெருவில் சௌக்கியமாகத்தான் இருந்தார்கள்.

ஏழெட்டு வருஷம் கழித்து, குடத்தைத் தூக்கும்போது அவர் மணிக்கட்டு முறிந்தது. விழவில்லை, இடித்துக்கொள்ளவில்லை. காஞ்சிபுரத்து டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எலும்பெல்லாம் உளுத்துப்போச்சும்மா. பாலும் தயிரும் நிறைய குடுங்க. அடுத்து இடுப்பு முறிஞ்சா எழுந்திருக்க மாட்டாங்க."

அன்றோடு எனக்குத் தூக்கம் போயிற்று. தாயில்லாத எனக்கு அவர்தான் எல்லாம். வீட்டில் மாடு கறக்கிறது, தயிர் உறியில் தொங்குகிறது, அவர் எலும்போ உளுத்துக்கொண்டிருக்கிறது! கேழ்வரகுக் கூழில் மோரைக் கலந்து பார்த்தேன், மோந்துவிட்டுத் தள்ளிவைத்தார். திருப்புலிவனத்துக் குருக்களைக் கூட்டிவந்து, உடம்பு முடியாதவர்களுக்குக் கட்டுப்பாடு இல்லை என்று சொல்ல வைத்தேன்.

"அவுரா வுட்டாரு? வுட்டவ நானு," என்றார் மாமியார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் பால் டம்ளரோடு போய் அவர் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"அத்தே, நீங்க படுத்துட்டா நான் இன்னா பண்ணுவேன்? எனக்குன்னு யாரு கீறாங்க? ஒரு வாய் குடிங்க."

அவர் வாசலைப் பார்த்தார். அங்கே என் மகள் கட்டம் கிழித்துப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள்.

"உனுக்கு ரெண்டு புள்ள வவுத்துலயே போச்சே. அடுத்ததாவது தங்கணும்னுதான்டி வுட்டுட்டு வந்தேன். இப்போ அத நான் வாயில வெச்சி, புள்ளைக்கு எதனா ஆச்சின்னா?"

அதுவரை அவர் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. அதெல்லாம் ஒன்றும் ஆகாது அத்தை என்று சொல்ல வாயைத் திறந்தேன். எட்டாம் வகுப்புவரை படித்தவள் நான். ஆனால் சத்தியமாக என் கண்ணும் வாசலில் ஆடுகிறவளிடம்தான் போயிற்று. டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மார்கழியில் கோலம் போடக் குனிந்தவர் அப்படியே சரிந்தார். டாக்டர் சொன்ன அதே இடுப்பு. முதுகெல்லாம் புண்ணாகிக் கட்டிலில் கிடந்த அத்தனை மாதமும் கஞ்சி ஊட்டினேன், துணி மாற்றினேன், கொல்லையில் போய் அழுதேன். பாலை மட்டும் நான் நீட்டவே இல்லை.

என் மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.