புஷ் எங்கே போகிறது

ஒவ்வொரு அக்டோபரிலும் எங்கள் தொழிற்சாலையில் அரையாண்டு இலக்குகளைத் திருப்பிப் பார்ப்போம். ஏப்ரலில் எழுதிக் கொடுத்தது என்ன, இதுவரை நடந்தது என்ன என்று ஒரு படிவம். மேலே வேலை சம்பந்தமான இலக்குகள் மூன்று, கீழே சொந்த இலக்கு ஒன்று. ஓசூரில் லாரிகளுக்கு உதிரி பாகம் செய்கிற சுமாரான அளவுள்ள கம்பெனி. நான் தரப் பரிசோதனையில் சூப்பர்வைசர். என் லைனில் உள்ள பன்னிரண்டு பேரோடும் தனித்தனியே உட்கார்ந்து அவர்கள் படிவத்தைப் பேசி முடித்த பிறகுதான் என்னுடையதை மேனேஜரிடம் கொண்டுபோக வேண்டும்.

சொந்த இலக்கு என்ற கட்டத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எடை குறைக்கணும், ஸ்கூட்டி ஓட்டப் பழகணும் என்று எதையாவது எழுதுவார்கள். நான் இரண்டு வருடமாக, கன்னடம் பேசக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எழுதிவந்தேன். விருதுநகர் பக்கத்திலிருந்து இங்கே வந்து பதினான்கு வருடம் ஆகிறது. கன்னடத்தில் வழி கேட்டால் இன்றைக்கும் கையைத்தான் காட்டுவேன்.

அந்த வருடம் ஏழாவதாக வந்தவர் தேன்கனிக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் ஷிப்டுக்கு பஸ் பிடித்து வருகிற பெண். ஆறு வருடமாகப் பரிசோதனை மேசையில் இருக்கிறார். அதிகம் பேசமாட்டார். அவருடைய படிவத்தில் சொந்த இலக்கு இப்படி இருந்தது: "நான் செக் பண்ணும் புஷ் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்."

ஏப்ரலில் இதை வாங்கிக் கையெழுத்துப் போட்டதே நான்தான். படிக்காமல் போட்டிருக்கிறேன்.

"இது எதுக்கும்மா எழுதினீங்க?" என்று கேட்டேன்.

"தப்பா சார்?"

"தப்பில்ல. தெரிஞ்சுக்கணும்னுதான் கேக்கறேன்."

"ஒரு நாளைக்கு எவ்ளோ புஷ் என் கையில ஏறி இறங்குது. கீறல் இருக்குதான்னு பாத்துப் பாத்துத் தூக்கிப் போடறேன். அந்தக் கீறல் லாரிய என்னா பண்ணும்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா சார்?"

உள்ளங்கையில் அடங்குகிற உலோகக் குழாய் அது. கிரீஸ் உள்ளே போக நடுவில் ஒரு சின்ன ஓட்டை. லாரியின் பட்டை ஸ்பிரிங் முனையில் இருக்கும் வளையத்துக்குள் போகும் என்று எனக்குத் தெரியும். டிராயிங்கில் ஒவ்வொரு அளவும் மனப்பாடம். ஆனால் அது அங்கே உட்கார்ந்திருப்பதை நான் ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை. "டிராயிங்ல அப்படிப் போட்டிருக்கு" என்றேன். அவர் தலையாட்டினார். அந்தப் பதில் எனக்கே போதவில்லை.

அவர் வீட்டுக்காரர் மினி லாரியில் காய்கறி ஏற்றிக்கொண்டு ஓசூர் மார்க்கெட்டுக்கு வருகிறவர். பாகலூர் ரோட்டில் அவருக்குப் பழக்கமான ஒரு லாரி மெக்கானிக் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் அங்கே போனோம். பெரிய லாரி ஒன்றின் பின்பக்கம் ஜாக்கியில் தூக்கி நின்றது. கழற்றிய ஸ்பிரிங் தரையில் கிடந்தது.

மெக்கானிக் மாலூர்க்காரர், கன்னடம் பேசுகிறவர். அந்தப் பெண் அவரிடம் கன்னடத்தில் பேச ஆரம்பித்தார். எங்கள் லைனில் ஒரு நாள் முழுக்க அவர் பேசுகிற வார்த்தைகளைவிட அந்தப் பத்து நிமிடத்தில் அதிகம் பேசியிருப்பார். எனக்கு நடுநடுவே கிரீஸ் என்ற சொல் மட்டும் பிடிபட்டது. அந்தப் பெண் அவ்வப்போது என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

மெக்கானிக் சுத்தியலால் தட்டிப் பழைய புஷ் ஒன்றை வெளியே எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். அந்தப் பெண் அதை வாங்கி, எங்கள் மேசையில் செய்கிற மாதிரியே விரல்களுக்குள் ஒரு சுற்றுச் சுற்றினார். உள்பக்கம் ஒரு ஓரம் தேய்ந்து தகடாகிப் போயிருந்தது.

"நம்மளுதா?" என்று கேட்டேன்.

"அளவு நம்மளுதுதான். முத்திரை தேஞ்சுபோச்சு. யாரு பண்ணதுன்னு சொல்ல முடியாது சார்."

வெளியே கீறல் இருந்தால் என்ன ஆகும் என்று அவர் மெக்கானிக்கைக் கேட்டார். மெக்கானிக் சிரித்துவிட்டுச் சொன்னதை எனக்குத் தமிழில் சொன்னார்: "வெளிப்பக்கம் ஸ்பிரிங் வளையத்துல இறுக்கமா ஏறிடுமாம். அப்புறம் அதை யாரும் பாக்கப்போறதில்லையாம். இந்த ஓட்டையப் பாக்கச் சொல்றாரு."

கிரீஸ் ஓட்டையின் உள்விளிம்பில் துளையிட்டபோது மடிந்த பிசிர் ஒன்று ஓட்டையைப் பாதி மூடியிருந்தது. கிரீஸ் ஒரு பக்கம் போகவே இல்லை. தேய்ந்ததும் அந்தப் பக்கம்தான். நான் குந்தி உட்கார்ந்து அதை வெகுநேரம் பார்த்தேன். நாங்கள் வெளிப்பக்கத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்க்கிறோம். ஓட்டையின் உள்விளிம்பை எத்தனையில் ஒன்றில் பார்க்கிறோம் என்று யோசித்தேன்.

திங்கட்கிழமை ஒதுக்கிய புஷ்கள் கிடக்கும் பெட்டியை இருவரும் கொட்டிப் பார்த்தோம். பெரும்பாலும் வெளிக்கீறல். அடுத்து, சரி என்று அனுப்பக் காத்திருந்தவற்றில் ஒரு தட்டை எடுத்து, மெல்லிய கம்பியின் முனையை வளைத்து ஓட்டைக்குள் விட்டு அந்தப் பெண் தடவிப் பார்த்தார். மூன்றாவது புஷ்ஷில் கம்பி மாட்டியது. பதினொன்றாவதிலும் மாட்டியது.

மேனேஜரிடம் போனேன். அவர் அந்தக் கம்பியை வாங்கித் தானே நாலைந்து புஷ்களில் விட்டுப் பார்த்தார்.

"இத்தனை வருஷம் நாம எதைப் பாத்துக்கிட்டிருந்தோம்?" என்றார். கோபமில்லை. உண்மையாகவே கேட்டார்.

அந்த வாரமே கம்பிப் பரிசோதனையைச் சேர்த்தோம். வெளிக்கீறலைக் கொஞ்சம் தளர்த்தலாமா என்று வாடிக்கையாளர் கம்பெனிக்கு எழுதினோம். பதில் வர நாளாயிற்று. அதுவரை கீறல், பிசிர் இரண்டுக்கும் சேர்த்து ஒதுக்கவேண்டி வந்தது. அந்த வருடம் என் முதல் இலக்கே ஒதுக்குவதைப் பாதியாகக் குறைப்பதுதான். ஒதுக்குவதோ ஏறிவிட்டது. அரையாண்டுப் படிவத்தில் எனக்கு "பின்தங்கியுள்ளது" என்று எழுதிய மேனேஜர், எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தார்.

"இதை அடிச்சு மாத்தட்டுமா?"

"வேண்டாம் சார். நெஜம்தானே" என்றேன். கஷ்டமாக இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பிசிர் ஏன் வருகிறது என்ற கேள்வி அதைவிடப் பெரிதாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. துளையிடும் பிட்டை மழுங்கியபிறகும் ஓட்டுகிறார்கள் என்று டிசம்பரில் கண்டுபிடித்தோம். பிட்டைச் சீக்கிரம் மாற்ற ஆரம்பித்ததும் பிசிர் குறைந்தது. ஆழமில்லாத கீறலை ஏற்றுக்கொள்வதாக ஜனவரியில் பதிலும் வந்தது. மார்ச்சில் கணக்குப் பார்த்தபோது பாதியாகக் குறையவில்லை. ஆனால் ஏப்ரலில் இருந்ததைவிடக் கீழேதான் இருந்தது.

இதற்கு நடுவிலேயே லைனில் மற்றவர்களும், "நாங்களும் பாக்கணும் சார்" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். மேனேஜர் வாடிக்கையாளர் கம்பெனியில் பேசி அனுமதி வாங்கினார். பிப்ரவரியில் ஒரு நாள் வேனில் பன்னிரண்டு பேரும் நானும் போனோம். அங்கே பிரஸ் மெஷின் முன்னால் ஒரு ஆள் நின்று, ஒரு கையால் புஷ்ஷை வைத்து மறு கையால் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தார். பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம். புஷ் ஸ்பிரிங் வளையத்துக்குள் போய்விட்டது. அந்தப் பெண் அவர் பக்கத்தில் போய் நின்று, வரிசையாக எட்டு ஒன்பது புஷ் உள்ளே போவதைப் பார்த்தார்.

அந்த ஆள் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "இது நீங்க பண்றதா?"

"பண்றது வேற ஆளுங்க. நான் பாத்து அனுப்பறேன்."

"ஒவ்வொண்ணையுமா?"

"ஒவ்வொண்ணையும்."

அந்த ஆள் அடுத்த புஷ்ஷைக் கையில் எடுத்து, முதல்முறையாக அதைத் திருப்பிப் பார்த்தார். "எங்க இருந்து வருதுன்னு நானும் ரொம்ப நாளா நெனச்சிருக்கேன்" என்றார். "எப்படிப் பாக்கறீங்க, கொஞ்சம் காட்டுங்களேன்."

அந்தப் பெண் தன் பையிலிருந்து கம்பியை எடுத்தார்.