கரீம் பாயின் முயல்

குடியாத்தத்தில் என் மைத்துனர் வீட்டுக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது சேதி வந்தது. எங்கள் தோல் மண்டியில் மூட்டை தூக்கும் சின்னசாமி, ஆம்பூரிலிருந்து ரயிலேறி வந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு இலைக்கு முன்னால் நின்றார்.

"கணக்கரய்யா, கரீம் பாய் பூட்டாருங்க. காலையில கண்ணாடி முன்னால நின்னு தாடி சீவிக்கினு இருந்தாராம். அப்படியே சாஞ்சுட்டாராம்."

இலையை மூடிவிட்டு எழுந்தேன். கை கழுவும்போது சின்னசாமியிடம் நான் முதலில் கேட்டது இதுதான்: "எனக்கு முன்னாடி யாருக்குச் சொன்னீங்க?"

"வாணியம்பாடிக்கு, பொண்ணு வூட்டுக்கு ஆள் போயிருக்குதுங்க. அதுக்கப்புறம் உங்களுக்குத்தான்."

மகளுக்கு அடுத்தபடி நான். அது வரையில் சரிதான் என்று மனம் கொஞ்சம் அடங்கியது. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். அப்துல் கரீம் பாய் அவர்கள் எங்கள் மண்டியில் பச்சைத் தோல் கொள்முதல் செய்தவர். நான் அதே அறையில், எதிர் மேசையில் கணக்கு எழுதியவன். நெடிய உருவம், வெள்ளைத் தொப்பி, மடிப்புக் கலையாத சட்டை. ஊர் முழுவதும் தோலும் அதைப் பதனிடும் ஆவாரம்பட்டையும் நாறும்போது அவர் ஒருவர் மட்டும் ரோஜா அத்தர் மணக்க நடப்பார். ஒரு தோலைப் பார்த்து 'வேண்டாம்' என்று சொன்னாலும், விற்க வந்தவர் சிரித்துக்கொண்டே திரும்பிப் போவார். நான் பணத்தை எண்ணிக் கையில் கொடுத்தாலும் முகத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள். எங்கள் அறைக்கு வருகிறவர்கள் எல்லாரும் வாசற்படியிலேயே "பாய் இருக்காரா?" என்று கேட்பார்கள். முதலியார் இருக்கிறாரா என்று என்னைத் தேடி ஒருவரும் வந்ததில்லை. இப்படிப்பட்ட மனிதருக்கு எதிரில் தினமும் உட்கார்ந்து வேலை செய்வது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

அந்த முயலை முதலில் கண்டவன் நான். இதை இங்கே எழுதி வைக்க வேண்டும், ஏனென்றால் ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். ஐப்பசி மழையில் ஒரு நாள் பட்டைக் கொட்டகைக்குள் நாய்கள் எதையோ வளைத்துக்கொண்டு குரைத்தன. கம்பை எடுத்துக்கொண்டு போய் விரட்டினேன். குவியலின் அடியில் ஒரு வெள்ளை முயல், ஒரு காது கிழிந்து, நடுங்கிக்கொண்டிருந்தது. எந்தத் துரை பங்களாவிலிருந்து தப்பியதோ, எந்த ரயில் கூடையிலிருந்து குதித்ததோ. விசாரித்தும் ஒருவரும் உரிமை கேட்டு வரவில்லை. மேல்துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். முத்து என்று பெயர் வைத்தேன். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைத் தூக்கிக் காட்டினேன். என் மனைவி மரகதம் முள்ளங்கி இலை கிள்ளிப் போட்டாள்.

சில நாளில் முயலைக் காணோம். தேடிக்கொண்டிருந்தபோது எதிர் வீட்டிலிருந்து கரீம் பாய் வந்தார், கையில் ஒரு கூடை, அதற்குள் முயல்.

"முதலியாரே, உங்க முயல் நம்ம வூட்டுக்கு வந்துட்டுது. ஜாக்கிரதையா வெச்சுக்குங்க, தெருவுல நாய் ஜாஸ்தி."

மறுநாளும் போயிற்று. அன்றும் அவரே கொண்டுவந்து கொடுத்தார். நான் கதவைச் சாத்தி வைத்தேன். சாக்கடை வழியாகப் போயிற்று. சாக்கடையை அடைத்தேன், கொல்லை வேலியில் குழி பறித்துக்கொண்டு போயிற்று. கடைசியில் ஒரு நாள் நானே அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பாய் வெறுந்தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். முயல் அவர் முழங்காலில் முன்கால்களை வைத்து நின்று சட்டைப் பொத்தானை முகர்ந்துகொண்டிருந்தது. அவர் அதைத் தொடக்கூட இல்லை. என் வீட்டில் அது ஒரு தடவையும் அப்படி நின்றதில்லை.

"இன்னா பேரு வெச்சிருக்கீங்க?" என்றார்.

"முத்து."

"நான் மோத்தின்னு கூப்புடறேன். எங்க பாஷையில மோத்தின்னாலும் முத்துதான். ரெண்டு பேரும் ஒரே பேருதான் வெச்சிருக்கோம், பாருங்க."

என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னார். ஆனால் முத்து என்று நான் கூப்பிட்டபோது அது காதைக்கூட அசைக்கவில்லை. மோத்தி என்று அவர் மெல்லச் சொன்னதும் திரும்பிப் பார்த்தது. ஒரே அர்த்தம்தானே, முயலுக்கு என்ன வித்தியாசம் தெரிந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகு அது அவர் வீட்டிலேயே தங்கிவிட்டது. பாய்க்கு மனைவி காலமாகி வெகு காலம். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு தனியாள். ஒரு கள்ளிப்பெட்டியை அறுத்து வலை அடித்து முயலுக்கு வீடு செய்தார். சித்திரை வெயிலில் எங்கள் ஊர் எப்படிக் கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெட்டியின் மேல் ஈரச் சாக்குப் போட்டு, உள்ளே ஒரு மண்பானையில் தண்ணீர் நிரப்பிச் சாய்த்து வைப்பார். முயல் அந்தக் குளிர்ந்த பானையில் ஒட்டிக்கொண்டு தூங்கும். இதைப் பார்த்துவிட்டு வந்த மரகதம், "அந்த மனுஷரு ஒரு முயலுக்கு இவ்ளோ செய்றாரு. நான் ஒரு விசிறி கேட்டு எத்தினி வருஷமாச்சு" என்றாள். அன்றைக்கே விசிறி வாங்கினேன். ஆனால் கோபம் எல்லாம் பாயின் மேல்தான். கறிக்கடைக்காரர் ஒருவர், "பெருநாளுக்கு பிரியாணிக்கா வளக்கறீங்க?" என்று விளையாட்டாகக் கேட்டதற்கு, அந்த ரம்ஜான் முடியும்வரை பாய் அவரிடம் பேசவில்லை. நான் கேட்டிருந்தால் எத்தனை நாள் பேசாமல் இருந்திருப்பார் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

கொள்முதலுக்காக அவர் சேலம், ஜோலார்பேட்டை என்று போகும் நாட்களில் முயல் எங்கள் வீட்டில் இருக்கும். அவர் ஸ்டேஷனிலிருந்து வரும் ஜட்கா தெருமுனையில் திரும்பும்போதே அது கதவருகில் போய் நின்றுகொள்ளும்.

ஒரு சமயம் மண்டி முதலாளி ஹாஜியாரின் பேத்தி, கோச்சு வண்டியில் போகும்போது முயலைப் பார்த்துவிட்டு வேண்டுமென்று அழுதிருக்கிறாள். மறுநாள் ஹாஜியார் எங்கள் அறைக்கே வந்துவிட்டார்.

"கரீம், அந்த முயல வூட்டுக்கு அனுப்பிடு."

பாய் எழுந்து நின்றார். "முயல் என்னுது இல்லீங்க. முதலியாருது. அவருதான் கண்டெடுத்தாரு. நான் பாத்துக்கறேன், அவ்ளோதான்."

நான் எழுதுவதை நிறுத்தினேன். இத்தனை நாளாக யார் வாயால் அதைக் கேட்க வேண்டுமென்று இருந்தேனோ, அவர் வாயாலேயே, அதுவும் முதலாளி முன்னிலையில் கேட்டுவிட்டேன்.

ஹாஜியார் என் பக்கம் திரும்பினார். "அப்படியா முதலியார்? அப்போ நீர் அனுப்பி வையும்."

பாய் என்னைப் பார்க்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கைவிரல்கள் சட்டைப் பொத்தானைப் பிடித்திருந்தன. எதிர் வீட்டில் அந்த முயல் இருப்பதையே பொறுக்காதவன் நான். கோச்சு வண்டி வீட்டுக்கு அது போய்ச் சேருவதை எப்படிப் பொறுப்பேன்?

"மன்னிக்கணுங்க. அது தர்றதுக்கில்லீங்க" என்றேன்.

ஹாஜியார் விறுக்கென்று திரும்பிப் போய்விட்டார். பாய்தான் என்னைத் தூண்டிவிட்டார் என்று அவருக்கு எண்ணம். அந்த வாரமே பாயை அரக்கோணம் கிடங்குக்கு மாற்றிவிட்டார். வடக்கேயிருந்து ரயிலில் வரும் உப்புத் தோலை இறக்கி அடுக்கும் இடம் அது. பாயின் தகுதிக்கு ஏற்ற வேலை இல்லை. அவர் என்னிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. கள்ளிப்பெட்டியையும் பானையையும் எங்கள் கொல்லையில் கொண்டுவந்து வைத்தார். "அதத் தூக்காதீங்க முதலியாரே. தூக்கினா பருந்து தூக்குதுன்னு பயப்படுது. கீழ உக்காருங்க, அதுவா வரும்" என்றார்.

இனி முயல் எனக்குத்தான் என்று அன்று நான் நினைத்தது நிஜம். தினமும் தரையில் உட்கார்ந்தேன். அது வந்து கையை முகர்ந்துவிட்டுப் போய்விடும். கடைத்தெருவில் அதே ரோஜா அத்தர் வாங்கிப் பூசிக்கொண்டும் உட்கார்ந்து பார்த்தேன். மரகதம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். முயல் முகர்ந்தது, நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தது, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. பிறகு தீனியைக் குறைத்தது. இலை வாடிக் கிடந்தது. தொட்டால் எலும்பு கையில் பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கூடையில் வைத்து ஈரத்துணி மூடி ரயில் ஏறினேன். "யாரு முயலுங்க?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். "என்னுது" என்றேன்.

அரக்கோணம் கிடங்கு வாசலில் பாயைப் பார்த்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. இளைத்திருந்தார். தாடி சீவப்படவில்லை. அத்தர் வாசனை இல்லை, உப்புத் தோலின் வாசனைதான். கூடையைப் பார்த்ததும் அந்த மண் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் துணியை விலக்கினேன். முயல் குதித்து நேராக அவரிடம் போய், அவர் உள்ளங்கைக்குக் கீழே தலையை நுழைத்துக்கொண்டது. என்னைக் கொத்துமல்லி வாங்கிவரச் சொன்னார். கொண்டுவந்து போட்டதும் காணாததைக் கண்டதுபோல் தின்றது. நான் எழுந்து புறப்பட்டேன். அங்கே எனக்கு என்ன வேலை?

"எங்க போறீங்க? உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். அவர் முயலைத் தடவிக்கொண்டே பேசினார். "இங்க பேசறதுக்கு ஆளில்ல முதலியாரே. மோத்தி இல்லன்னு பேஜாருதான். ஆனா அதவிட, எதிர் மேசையில நீங்க இல்லாததுதான் கஷ்டமா இருந்துது. உங்ககிட்ட ரெண்டு வார்த்த மல்லுக்கு நிக்காம எனக்குச் சோறு எறங்கல."

அந்த ஒரு நாள் மட்டும் நான் முயலைவிட ஒரு படி மேலே இருந்தேன். காலிக் கூடையோடு ஊர் திரும்பும்போது, ரயில் குடியாத்தம் தாண்டும் வரையில் என் மனத்தில் யார்மேலும் எரிச்சல் இல்லை.

முயலை ரயிலில் கொண்டுபோன கதை மண்டியில் பரவி ஹாஜியார் காதுக்கும் போயிற்று. கூப்பிட்டு விசாரித்தார். கேட்டுவிட்டுச் சிரித்தார். பாய் இல்லாமல் கொள்முதலும் கெட்டுக் கிடந்தது. பாயைத் திருப்பி அழைத்துக்கொண்டார். பாய் முயலோடு வந்து இறங்கினார். மறுநாளே தாடி சீவி, அத்தர் பூசி, எதிர் மேசையில் உட்கார்ந்து என்னோடு மல்லுக்கு நின்றார். முயல் எதிர் வீட்டில். நான் பழையபடி வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியே வருஷங்கள் போயின.

நான் குடியாத்தத்திலிருந்து வந்து சேர்ந்தபோது தெருவில் கால் வைக்க இடமில்லை. பிரியாணிக் கேலி பேசிய கறிக்கடைக்காரர் "என் தோஸ்த், என் தோஸ்த்" என்று மார்பில் அடித்துக்கொண்டார். தரகர்கள், வண்டிக்காரர்கள், சாயம்போன துண்டோடு நின்ற, தோல் ஊறப்போடும் தொட்டி ஆட்கள், ஒவ்வொருவரும் பாய் தன்னிடம்தான் மனம்விட்டுப் பேசுவார் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்கள். எனக்கு ஒருவரையும் பிடிக்கவில்லை. உடல் வைத்த சந்தூக்கைத் தூக்கியபோது நானும் தோள் கொடுத்தேன். பாலாற்றங்கரைக்குப் போகும் வழியில் ஒருவர் மாற்றிக்கொள்ள வந்தார். "இன்னும் கொஞ்ச தூரம்" என்றேன். அவர் மறுபடி வந்தார். மறுபடியும் அதையே சொன்னேன்.

மூன்றாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்து, மருமகன் வீட்டைப் பூட்ட வந்தார். கள்ளிப்பெட்டியைக் காட்டி, "இது யாரோடது?" என்று கேட்டார். கதவுக்குப் பின்னாலிருந்து மகள் சொன்னாள்: "அது எதிர் வூட்டு மாமாவோட முயல். எடுத்துக்குங்க மாமா. அப்பா எப்பவும் அப்படித்தான் சொல்வாரு, முதலியாருது, என்கிட்ட வுட்டு வெச்சிருக்காருன்னு."

தெருவில் நின்றவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இல்லம்மா," என்றேன். "அது பாயோட முயல். நான் பாத்துக்கறேன்."

இப்போது அது எங்கள் கொல்லையில் இருக்கிறது. வயதாகிவிட்டது. காலையில் கதவைத் திறந்தால் மெல்லத் தெருவைக் கடந்து, பூட்டிய வாசலுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது. நான் பின்னாலேயே போய்த் தரையில் உட்காருகிறேன். தூக்குவதில்லை. மோத்தி என்றுதான் கூப்பிடுகிறேன்.

பாய், நிம்மதியாக உறங்குங்கள். கொத்துமல்லி வைத்திருக்கிறேன்; என் கையிலிருந்துதான் தின்கிறது. தின்னும்போதும் உங்கள் கதவையே பார்க்கிறது. பார்க்கட்டும்.