கண்டக்டரின் தலையணை

கண்டக்டருக்கு வாய் சும்மா இருக்காது. முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் தொண்டைத் தண்ணி வற்றக் கத்தினவர். படிக்கட்டில் தொங்குகிறவனைத் திட்டவென்றே தனி அகராதி வைத்திருந்த மனுஷன். மனைவி போய்ச் சேர்ந்து, மகளும் வேற ஊரில் குடியேறியபின், மூன்றாம் மாடி வீட்டில் அவரோடு பேச ஈ காக்கை இல்லை.

இதயம் பலவீனமானதும், நெஞ்சுக்குள் ஓடும் ரத்தக்குழாயில் டாக்டர்கள் ஒரு சென்சார் வைத்தார்கள். பாட்டரி கிடையாது, ஒயர் கிடையாது, தானாக வாய் திறக்காது. ஆஸ்பத்திரி கொடுத்த தலையணைமேல் காலையில் அவர் மல்லாந்து படுத்தால், தலையணை ரேடியோ அலை அனுப்பிக் கேட்கும். சென்சார் உள்ளே இருக்கும் அழுத்தத்தைச் சொல்லும். அந்த அளவு நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். அழுத்தம் ஏறினால் சிஸ்டர் போன் பண்ணுவார். ஒழுங்காக இருந்தால் ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள்.

ஒருமுறை ஏறியது.

"என்ன சாப்பிட்டீங்கய்யா? தூங்கினீங்களா? கால் வீங்கியிருக்கா?"

ஆறு நிமிஷம் பேசினார் சிஸ்டர். மனைவி போனபிறகு, தூங்கினாரா என்று அவரைக் கேட்ட முதல் ஆள். போனை வைத்தபிறகும் கண்டக்டர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

மாத்திரையில் அழுத்தம் இறங்கியது. மூன்று வாரம் போன் மூச்சுவிடவில்லை. அப்புறம் இந்தப் பெரிய மனுஷன் செய்த காரியத்தை என்னவென்று சொல்ல! கூடவே கூடாது என்று டாக்டர் தலைதலையாய் அடித்துக்கொண்ட உப்பை, சூப்பில் அள்ளிப் போட்டுத் தினமும் குடித்தார். நாலாம் நாள் போன் வந்தது. அடுத்த மாதமும் அதே வேலை. படியேறினால் மூச்சு வாங்கியது. சிஸ்டரிடம் சொல்ல ஒரு விஷயமாச்சு என்று அதற்கும் சந்தோஷப்பட்டார், பாவி.

மூன்றாம் தடவை உப்பு வேலை காட்டி போன் வந்தபோது சிஸ்டர் குரல் மாறியிருந்தது.

"மருந்து கேக்கலைன்னு டாக்டர் முடிவு பண்ணிட்டார்யா. நாளைக்கே அட்மிட் ஆகணும், ஊசி மருந்து ஏத்துவாங்க. இனிமே உங்களை வேற பிரிவு பாத்துக்கும். நான் கூப்பிட மாட்டேன்."

கண்டக்டருக்குப் பகீரென்றது. வம்பை விலைக்கு வாங்கியாச்சு.

"மருந்து மேல தப்பில்லம்மா. உப்பு போட்டுக்கிட்டேன். வேணும்னேதான்."

"வேணும்னேவா? செத்துப் போயிருப்பீங்களேய்யா!" என்று கத்தினார் சிஸ்டர்.

அவரைத் திட்டவும் ஆளில்லாமல் எத்தனை நாளாச்சு! கண்டக்டர் வாங்கிக்கட்டிக்கொண்டு நின்றார்.

சிஸ்டர் கொஞ்சம் தணிந்தார். "டாக்டர்கிட்ட சொல்லிப் பாக்கறேன். ஆனா இங்க பாரத்துல, அழுத்தம் ஏறின காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல என்ன எழுதட்டும்?"

வாயால் பிழைத்தவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"பேச ஆளில்லைன்னு எழுதும்மா."