கலவைப் படலத்தில் எழுந்த சின்ன மேடு

மின்சாரம் கடத்தும் இரண்டு கரிமச் சேர்மங்களை ஒன்றாக ஆவியாக்கி, கண்ணாடியில் மெல்லிய படலமாகப் படியவைப்பதுதான் திருவனந்தபுரத்தில் என் ஆய்வு. இரண்டின் மூலக்கூறுகளும் கலந்து அடுக்கினால், எக்ஸ்ரே வரைபடத்தில் புதிதாக ஒரு மேடு எழும். மறுநாள் ஆய்வை மதிப்பிடும் குழு கூடவிருந்தது; அதைக் காட்டாவிட்டால் என் ஆய்வு நின்றுவிடும்.

சூடு ஏறினால் ஒழுங்கு கூடும் என்று நம்பி, கண்ணாடியை நன்றாகச் சூடாக்கியிருந்தேன். வரைபடத்தில் கூர்மையான இரண்டு மேடுகள் வந்தன. இரண்டும் பழையவை, கலக்காத சேர்மங்களுக்கே உரியவை.

உடன் ஆய்வு செய்யும், கரமனை அக்ரகாரத்து மீரா எட்டிப் பார்த்தாள்.

“சூடு கூடிப்போச்சுடா. ரெண்டும் அதது சொந்தக்காராளோட போய் ஒட்டிண்டுடுத்து.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. படலம் படியவைக்கும் கருவி அன்று முழுவதும் அவளுக்குத்தான் ஒதுக்கப்பட்டிருந்தது.

“என் ஸ்லாட்டை நீ எடுத்துக்கோ. என்னோடதை அடுத்த வாரம் பாத்துக்கறேன். சூடாக்காம போடு, போ!”

சாயங்காலம் புதிய மேடு எழுந்தது, மழுங்கலாக, சின்னதாக.

பொன்முடியில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் அம்மா வழக்கம்போல போனில் கேட்டார்: “கலந்துச்சாய்யா?”

“கொஞ்சம் கலந்துருக்கும்மா.”

வீட்டில் முதலில் படித்தவன் என்பதால், எல்லாவற்றையும் தனியாகவே செய்தாக வேண்டும் என்று நினைத்திருந்தவன் நான். குழுவிடம் காட்டிய வரைபடத்தில், என் பெயரோடு மீராவின் பெயரையும் எழுதினேன்.